நிற்கிற நாளுக்கும் விலை உண்டு: சொந்த லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கங்களிலும் அதைத் தாண்டியும், ஒரே ஒரு லாரியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு அதைத் தாங்களே ஓட்டுகிற அண்ணன் தம்பிகளுக்கும், அவர்கள் லைனில் இருக்கும்போது வீட்டில் டியூ தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் அக்கா தங்கைகளுக்கும் எழுதுகிறேன்.

நான் லாரி ஓட்டுகிறவன் அல்ல. உங்கள் வருமான வரி, இன்சூரன்ஸ், பர்மிட் காகிதங்களை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். அதனால் உங்கள் நோட்டுகள் என் கைக்கு வருகின்றன. டீசல் விலை, டோல், மாமூல் பற்றியெல்லாம் நீங்கள் பேசாத நாளில்லை. அவை எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் உங்கள் நோட்டுகளில் நான் பார்க்கிற ஒன்றைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில்கூட யாரும் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இப்போது ஒரு நோட்டு என் மேசைமேல் விரித்துக் கிடக்கிறது. யாருடையது என்பது வேண்டாம். இடப்பக்கம் வாடகை, அட்வான்ஸ், பாக்கி. வலப்பக்கம் டீசல், டோல், ஏத்துக்கூலி, சாப்பாடு, பஞ்சர். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அடியில் ஒரு கோடு போட்டு, மிச்சத்தை வட்டமிட்டு வைத்திருக்கிறார். எல்லா வட்டத்துக்குள்ளும் எட்டாயிரம், பத்தாயிரம் என்று ஏதோ ஒரு தொகை இருக்கிறது. ஒரு ட்ரிப்பிலும் நஷ்டம் இல்லை. அதே மனிதருக்கு டியூ பாக்கி நிற்கிறது. போன டயர் மாற்றியபோது மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. எல்லா ட்ரிப்பும் லாபம் என்றால் வீடு ஏன் கடனில் இருக்கிறது?

விடை அந்த வலப்பக்கத்தில் எழுதாமல் விட்ட வரிகளில் இருக்கிறது. டயர் தேய்ந்தது எழுதப்படவில்லை. மாதத் தவணை இல்லை. இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் இல்லை. மும்பையில் ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடந்த நாட்கள் இல்லை. ஓட்டினவருடைய சம்பளம் அறவே இல்லை. வண்டிக்கு வேறொரு டிரைவர் போட்டிருந்தால் அவருக்குச் சம்பளமும் பேட்டாவும் எழுதியிருப்பார். தானே ஓட்டியதால் அந்த வரி பூஜ்யம் ஆகிவிட்டது.

இரண்டு எண்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஒரு நாள் நின்றால் எவ்வளவு என்பது ஒன்று. வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரியாமல் போனில் ரேட் பேசுகிறவர், எதிராளி சொல்கிற எண்ணிலிருந்துதான் பேரத்தைத் தொடங்க முடியும்.

ஒரு பத்துச் சக்கர லாரியை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதில் வருகிற தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்கிற செலவு. பழைய வண்டியாக வாங்கி, ஃபைனான்ஸில் 15 லட்சம் போட்டு நான்கு வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் சுமார் 40,000 ரூபாய் தவணை வரும். இன்சூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 43,950 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி, வண்டிக்கான சொந்தச் சேத இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 6,000 என்று வைப்போம். நேஷனல் பர்மிட்டுக்கு வருடம் 16,500 கட்டுகிறீர்கள். காலாண்டு வரி இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டியென்றால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். பெயின்ட், டிங்கரிங், ஸ்டிக்கர் என்று அதற்கு முந்தைய வாரம் பட்டறையில் எவ்வளவு போகிறது என்பது உங்களுக்கே தெரியும். இதெல்லாம் குறைத்துப் போட்டாலும் மாதம் 4,000. உங்கள் சம்பளம் 25,000. இதைப் போடக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் வேறொருவர் வண்டி ஓட்டப் போயிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பணம் அது.

கூட்டினால் 75,000. மாதத்தில் பட்டறை, பண்டிகை, வீட்டு விசேஷம் போக 25 நாள் வண்டி வேலைக்குத் தயார் என்றால், ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். வண்டி ஓடினாலும் செட்டில் நின்றாலும், குடோன் வாசலில் இறக்க ஆளில்லாமல் நின்றாலும் இந்த 3,000 போய்க்கொண்டே இருக்கிறது.

அடுத்தது ஓடுகிற செலவு. டீசல் லிட்டர் 92 ரூபாய், லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 23. பத்து டயரும் புதிதாகப் போட்டு, ஒரு தடவை ரீட்ரேடு அடித்து, மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டினால் டயர் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 50 காசு விழும். ஆயில் சர்வீஸ், கிரீஸ், கிளட்ச், பிரேக் லைனிங், பட்டை, பிஎஸ்-6 வண்டியென்றால் ஆட்புளூ எல்லாம் சேர்த்து 3 ரூபாய். டோல் சராசரியாக 5 ரூபாய் 50 காசு. ஆக 34 ரூபாய்.

இப்போது சேலத்திலிருந்து மும்பைக்கு 18 டன் ஏற்றுங்கள். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஓடுகிற செலவு 40,800. ஏற்ற ஒரு நாள், ஓட மூன்று நாள், இறக்க ஒரு நாள் என ஐந்து நாள், 15,000. கமிஷன், ஏத்துக்கூலி, பார்க்கிங், வழிச்செலவு 3,000. மொத்தம் 58,800.

இந்த லோடை ஒருவர் 48,000-க்கு ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 27,600, டோல் 6,600, வழிச்செலவு 3,000 போக அவர் நோட்டில் 10,800 மிச்சம் என்று வட்டமிடுவார். உள்ளபடி அந்த ட்ரிப்பில் அவருக்கு 10,800 ரூபாய் நஷ்டம். நான் கணக்கை இழுத்து வளைக்கவில்லை, கூட்டிப் பாருங்கள். அவர் மிச்சம் என்று நினைத்துக் கையில் வைத்திருக்கும் நோட்டுக்கட்டு, தேய்ந்துகொண்டிருக்கும் டயரும் ஓடிக்கொண்டிருக்கும் தவணையும் அவருடைய சொந்தச் சம்பளமும்தான். அவர் தன் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று அரிசி வாங்குகிறார்.

ரிட்டர்ன் கதை இதைவிடக் கொடுமை. மும்பையில் லோடுக்கு நான்கு நாள் நின்றால் 12,000. ஐந்தாம் நாள், "சும்மா நிக்கறதுக்கு டீசல் காசாச்சும் வருதில்லீங்க" என்று கிடைத்த ரேட்டுக்கு ஏற்றிவிடுகிறோம். அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்கிறவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வீட்டிலிருந்து போன் வந்திருக்கும். பாத்ரூமுக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டிய ஊரில், கேபினுக்குள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நான்காவது நாளும் கிடப்பவருக்கு, டீசல் காசு வருகிறதே என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த ரேட் அவரோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த வாரம் அதே புக்கிங் ஆபிஸில் நிற்கிற உங்களிடம், "போன வாரம் உங்க ஊர் வண்டிதான் இந்த ரேட்டுக்குப் போச்சு" என்று சொல்வார்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

போகவர மொத்தமாகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். போக ஐந்து, காத்திருந்தது நான்கு, வர ஐந்து என்று 14 நாள் ஆனால், நிற்கிற செலவு 42,000, ஓடுகிற செலவு 81,600, வழிச்செலவு 6,000. மொத்தம் 1,29,600. ஒரு பக்கத்துக்கு 64,800 கிடைத்தால்தான் கட்டும். காத்திருப்பில் இரண்டு நாள் குறைந்தால் 6,000 ரூபாய் தானாக மிஞ்சும். டீசலில் ஒரு ரூபாய் குறைந்தால் இந்தப் போகவரச் சவாரியில் மிஞ்சுவது 600 ரூபாய். பங்கில் காசு குறைகிறதா என்று பார்க்கிற நாம், குடோன் வாசலில் போகிற நாட்களைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அதனால்தான் ஹால்டிங் வாடகையை விடாதீர்கள் என்கிறேன். வண்டி குடோனுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பதை எல்.ஆர். என்கிற லாரி ரசீதிலேயே எழுதி, அங்கிருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் கேட் முன்னால் வண்டியை வைத்து, நேரம் தெரிகிறாற்போல் போட்டோ எடுத்து அப்போதே ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முதல் 24 மணி நேரம் போக, நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று லோடு ஏற்றும்முன் பேசிவிட்டால், பிறகு வாயால் சண்டை போட வேண்டியதில்லை.

ரேட் ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் முக்கியமாக நினைப்பது வண்டிக் கொள்ளளவு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. பெரிய டிரெய்லர்களுக்கு 49 டன் 55 ஆனது. கூடுதலாக ஏற்றலாம் என்று அன்றைக்கு நம்மில் பலர் சந்தோஷப்பட்டோம். நாட்டில் சரக்கு அதேதான், ஏற்றுகிற இடம் மட்டும் ஒரே நாளில் கூடிவிட்டது. அதே மாதம் 20-ஆம் தேதி தொடங்கிய அகில இந்திய லாரி ஸ்டிரைக் எட்டு நாள் நடந்தது. டீசலையும் டோலையும் இன்சூரன்ஸையும் பற்றிப் பேசி முடித்துக்கொண்டு வண்டியை எடுத்தோம். கூடின கொள்ளளவால் டன் வாடகை இறங்கியதை அந்த ஸ்டிரைக் தொடவே இல்லை.

சட்டம் கொடுத்த எடைக்கு மேல் ஏற்றுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு லாரிகள் ஆளுக்குக் கால்பங்கு கூடுதலாக ஏற்றினால் ஐந்தாவது லாரிக்கு லோடு இல்லை. அந்த ஐந்தாவது லாரிக்காரர்தான் மறுநாள் ரேட்டைக் குறைத்துக்கொண்டு ஆபிஸ் வாசலில் நிற்கிறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைக் கட்டுகிறவர் நீங்கள். கூடுதல் டன்னால் மிச்சம் பிடிக்கிறவர் சரக்கை அனுப்புகிறவர். பட்டை முறிந்தாலும் டயர் வெடித்தாலும் அதுவும் உங்கள் தலையில். கூடுதல் டன்னுக்குக் கொடுக்கிற வாடகையில் இது எதுவும் அடங்கியிருப்பதில்லை.

டீசல் விஷயமும் நியாயமாகப் பேச வேண்டியதுதான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. 2020-இல் ஊரடங்கு நடந்தபோது கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குப் போனது. அந்த மே மாதம் மத்திய அரசு டீசலுக்கு ஒரே அடியாக லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 10 ரூபாயும் 6 ரூபாயும் குறைத்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும், பெரிய கம்பெனிகளோடு எழுத்து ஒப்பந்தம் போட்டிருக்கும் பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்கள் டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு வரி எழுதி வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து அந்த லோடை வாங்கி ஓட்டுகிற உங்களிடம் அந்த வரி வந்து சேருவதில்லை. நம் கணக்குப்படி டீசல் ஒரு ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 25 காசு ஏறுகிறது. இதை மனதில் வையுங்கள். ரேட் பேசிய அன்றைக்கு டீசல் என்ன விலை என்பதை வாட்ஸ்அப் மெசேஜிலாவது குறித்து அனுப்புங்கள். ஒரே ரூட்டில் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

புக்கிங் ஏஜெண்டுகளைத் திருடர்கள் என்று பொதுவாகத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துப் பணம் வாங்கிக்கொண்டு, உங்களுக்கு ஏற்றுகிற அன்றே அட்வான்ஸ் கொடுக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கான வட்டி உங்கள் வாடகையில்தான் கழிகிறது என்றாலும், அது ஒரு சேவை. ஆனால் இறக்கி ரசீது கொடுத்த பிறகும் பாக்கி வாடகையை மாதக்கணக்கில் இழுப்பதும், ஷார்ட்டேஜ், டேமேஜ் என்று கேட்காமல் பிடிப்பதும் அநியாயம். இதற்கு உங்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. பெரும்பாலான பேருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லாரி வைத்து ஓட்டுகிற நீங்களும் குறுந்தொழில் நடத்துகிறவர்தான். உத்யம் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகப் பதிவு செய்யலாம். யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப் பதிந்தவருக்கு, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. கொடுக்காவிட்டால் வசூலித்துத் தரும்படி மாநிலத்தின் வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம். இன்னொன்று, உங்களுக்குத் தர வேண்டியதைக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் நிறுவனம், அதைக் கொடுக்கிற வரை தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. மார்ச் மாதம் பெரிய கம்பெனிக் கணக்குப் பிரிவுகள் குறுந்தொழில் பாக்கிகளைத் தேடித் தேடிக் கொடுப்பது இதனால்தான். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வர வேண்டுமென்றால் உத்யம் எண் லோடு ஏற்றுவதற்கு முன்பே இருக்க வேண்டும், பில்லில் அது அச்சாகியிருக்க வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 வண்டிக்கு மேல் இல்லாதவர், அதைப் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. அப்படியும் பிடித்தால் கேளுங்கள். சிறு லாரி உரிமையாளர்களுக்கு, கணக்குப் புத்தகம் இல்லாமலே வருமானம் காட்ட வருமான வரிச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 28.5 டன் வண்டிக்கு மாதம் 28,500. வருடத்துக்கு 3,42,000. அதாவது, எல்லாச் செலவும் தேய்மானமும் போக, இந்த வண்டியிலிருந்து இவ்வளவாவது மிஞ்சும் என்று சட்டமே நினைக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு அது மிஞ்சுகிறது? மிஞ்சவில்லையென்றால் நீங்கள் ஏற்றுகிற ரேட் தப்பு.

வாடகை குறைவதால் போகிற இன்னொன்று, உங்கள் தூக்கம். கிளீனரை நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவது டிரைவர் எப்போதோ போய்விட்டார். ஐந்து நாள் ஓட்டத்தை நான்கு நாளில் முடித்தால்தான் கட்டும் என்று ராத்திரி முழுக்க ஓட்டுகிறீர்கள். சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கான வேலை நேரம் நாளைக்கு 8 மணி என்று சட்டத்தில் இருக்கிறது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவரிடம் யார் அதைக் கேட்கப் போகிறார்கள்? தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விடியற்காலை என்னென்ன நடந்திருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தயாராகும் புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று வந்திருப்பது நல்லதுதான். ஆனால் பழைய வண்டியில், கியர் பாக்ஸ் சூடு காலில் ஏற ஏற ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது எட்ட இன்னும் பல வருடம் ஆகும். நான் போட்ட ஐந்து நாள் கணக்கில் ராத்திரித் தூக்கமும் சேர்ந்திருக்கிறது. தயவுசெய்து அதைக் கழித்து ரேட் பேசாதீர்கள்.

சங்கம் கூடி ஒரு ரேட்டை அறிவித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதில் சிக்கல் இருக்கிறது. போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை கட்டுவதைத் தடுக்கிறது. பெரிய கம்பெனிகள் விலை பேசி வைத்துக்கொண்டு மக்களை ஏய்க்கக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், ஒற்றை லாரிக்காரர்களின் சங்கத்தையும் கட்டிப்போடுகிறது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடச் சங்கம் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கணக்குத் தெரிந்த பிறகு, கட்டாத லோடை வேண்டாம் என்று சொல்வது உங்கள் தனிப்பட்ட உரிமை.

விலை கட்டுகிற அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 67-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பஸ் கட்டணத்தைப்போல சரக்கு வண்டி வாடகையையும், அதிகபட்சம் இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு என்று நிர்ணயிக்க மாநில அரசு உத்தரவிடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. பஸ்ஸுக்கு நிர்ணயித்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்று அறிவித்தார்கள். அவை பயணிகளைக் காப்பாற்ற வைத்த உச்சவரம்புகள். ஓட்டுகிறவரைக் காப்பாற்ற ஒரு கீழ்வரம்பு வேண்டுமென்று நாம் அழுத்திக் கேட்டதே இல்லை. டீசல், டோல், காலாண்டு வரி என்று ஒவ்வொரு ஸ்டிரைக்கிலும் நீளப் பட்டியல் கொடுக்கிறோம். 67-ஆம் பிரிவின்படி குறைந்தபட்ச வாடகை என்ற ஒரே கோரிக்கையை முதல் வரியில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது உடனே கிடைக்காவிட்டால், குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எந்த வகை வண்டிக்கு ஒரு டன் ஒரு கிலோமீட்டருக்கு அடக்கச் செலவு இவ்வளவு என்று போக்குவரத்துத் துறையே ஒரு கணக்கை வெளியிடட்டும். பேரம் பேசும்போது கையில் காட்ட ஒரு அரசாங்கத் தாள் இருக்கும்.

டன்னுக்கு, கிலோமீட்டருக்கு என்று பேசுவது ஒன்றும் நடக்காத காரியமில்லை. நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்கள் எண்ணெய் நிறுவனங்களோடு அப்படித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் 15 அன்று, வாடகை கூடுதல் என்று சொல்லி, டார்லாகாட், பர்மானா சிமெண்ட் ஆலைகளை நிர்வாகம் மூடியது. லாரிக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாநில அரசு நடுவில் வந்தது. 2023 பிப்ரவரி 20 அன்று, ஒற்றை அச்சு வண்டிக்கு டன் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 30 காசு, பல அச்சு வண்டிக்கு 9 ரூபாய் 30 காசு என்று முடிந்தது. முன்பு வாங்கியதைவிடக் குறைவுதான். அதற்கு அவர்கள் பட்ட கஷ்டமும் பெரிது. மலைப்பாதை வாடகையை நம் சமவெளி வாடகையோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் கவனியுங்கள், அங்கே பேச்சு காசுக் கணக்கில் நடந்தது. இரு தரப்பும் டன் கிலோமீட்டர் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம் சேலம் மும்பை லோடில் 48,000 என்றால் டன் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 காசு. அடக்கம் 2 ரூபாய் 72 காசு. ஐம்பது காசுதானே என்று தோன்றும். அந்த ஐம்பது காசுதான் அடகுக்குப் போன சங்கிலி.

"நான் மறுத்தா பக்கத்து வண்டி ஏத்திட்டுப் போயிருமுங்களே" என்று கேட்பீர்கள். போகும். முதல் மாதம் உங்களுக்கு லோடு குறையும், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நிற்கிற நாளுக்கு 3,000 நஷ்டம் என்று நானே சொல்லிவிட்டு நிற்கச் சொல்வது முரணாகவும் தெரியும். அதற்கும் கணக்கு இருக்கிறது. நாம் போட்ட அந்த மும்பை லோடு 48,000 கொடுத்தால், ஐந்து நாளில் 10,800 நஷ்டம். அதற்குப் பதில் வீட்டு வாசலில் ஒரு நாள் நின்று, 54,000-க்கு ஒரு லோடு கிடைத்தால், நின்ற நாளையும் சேர்த்து நஷ்டம் 7,800. இரண்டு நாள் நின்றால் வித்தியாசம் சரியாகிவிடும், அதற்கு மேல் நிற்பது வீண். எத்தனை நாள் நிற்பது கட்டும், எப்போது குறைந்த ரேட்டுக்கும் ஏற்றுவது கட்டும் என்பது இப்படித்தான் தெரியும். மும்பையிலிருந்து காலியாக வருவதைவிட ஓரளவு ரேட்டுக்கு ஏற்றி வருவது நல்லது என்றும் இதே கணக்கு சொல்லும், அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதையும் சொல்லும்.

புது வண்டி வாங்க நினைக்கிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கும் டயருக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. ஷோரூம்காரர்களும் ஃபைனான்ஸ்காரர்களும் வீடு தேடி வருகிறார்கள். பேட்டாவை மிச்சம் பிடித்து, டிரைவராக இருந்து ஓனரானவர்கள் கட்டிய ஊர்கள் இவை. உங்கள் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். தவணையை 25-ஆல் வகுத்து, நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் ரூட்டில் இன்றைக்கு ஓடுகிற ரேட் அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் இருக்கும் அக்கா தங்கைகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். அந்த நோட்டின் வலப்பக்கத்தில் இன்னும் நான்கு வரி கூட்டுங்கள். டயர், தவணையும் இன்சூரன்ஸும், ஓட்டினவர் சம்பளம், நின்ற நாட்கள். லைனிலிருந்து அவர் போன் செய்யும்போது, "இந்த ரேட்டுக்குக் கட்டுமாங்க?" என்று நீங்களே கேட்கலாம். மனக்கணக்குப் போட முடியாத களைப்பில் இருக்கிறவருக்கு அது பெரிய உதவி.

இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலில் இருப்பேன், போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது தவணை அட்டை, இன்சூரன்ஸ் காகிதம், கடைசியாக டயர் வாங்கிய பில், ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட், கடைசி மூன்று ட்ரிப்பின் எல்.ஆர். எடுத்து வாருங்கள். கிலோமீட்டர் மீட்டர் வேலை செய்யாத வண்டிக்காரர்கள் முதலில் அதைச் சரி செய்துவிட்டு வாருங்கள், அது இல்லாமல் ஒன்றும் போட முடியாது.

அன்புடன்,
உங்கள் காகிதங்களை எழுதுகிறவன்